அப்பாவின் கரைவலையும் 4 ஜிபி கம்ப்யூட்டரும்

தம்பி குவைத்தில் ஏசி மெக்கானிக். மூன்று வருடமாக ஊருக்கு வரவில்லை. மார்ச் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை போன் பண்ணினான். "அண்ணே, அப்பா இந்த வருசத்தோட கரைவலைய விடப்போறாராமே. விடுறதுக்கு முன்னாடி அவர் வலை இழுக்குறத ஒரு வீடியோவா எடுத்து அனுப்பேன். துண்டு துண்டா அனுப்பாத, கொஞ்சம் ஒழுங்கா வெட்டி ஒட்டி அனுப்பு" என்றான். வெட்டி ஒட்டி! அவன் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டான், எனக்கு ஜூன் மாதம் வரை இழுத்தது.

இழுக்க நேரம் இருந்தது என்பதும் உண்மை. நான் பாம்பனில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு ஒன்றும் கடலுக்குப் போகாது, ஐஸ் கேட்டு வருகிறவர்களும் குறைந்துபோவார்கள். மதியம் வீட்டுக்கு வந்தால் வேலை இல்லை. கரையில் நின்று இழுக்கிற கரைவலைக்கு அந்தத் தடை கிடையாது, அதனால் அப்பா மட்டும் வழக்கம்போல விடியுமுன் வேனில் ஏறி தனுஷ்கோடிப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். நானும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கூடவே தொற்றிக்கொண்டேன்.

கம்ப்யூட்டரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கிற பாதிப் பேர் "நம்ம மெஷினில் இதெல்லாம் ஓடாது" என்று ஆரம்பிக்காமலே இருப்பீர்கள், நானும் அப்படித்தான் இருந்தேன். மகனின் ஆன்லைன் வகுப்புக்காக ராமநாதபுரத்தில் செகண்ட் ஹேண்டில் 9,500 ரூபாய்க்கு வாங்கிய டெஸ்க்டாப். 4 ஜிபி ரேம், பழைய ஹார்டு டிஸ்க், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. அதுவும் பல மாதம் துணி போர்த்திக் கிடந்ததில் ஆன் பண்ணினால் ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம், உப்புக்காற்று சைக்கிள் செயினைத் தின்கிற மாதிரி இதையும் தின்னும். கரண்ட் வயரைப் பிடுங்கி வைத்துவிட்டு, ரேம் பட்டையைக் கழற்றி, அதன் மஞ்சள் பல் வரிசையை மகனின் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து மறுபடி செருகினேன். வந்துவிட்டது. கடலோரத்தில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறவர்கள் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் முன் இதைச் செய்து பாருங்கள்.

அடுத்து எந்த மென்பொருள் என்ற கேள்வி. எனக்குத் தெரிந்த ஒரே பெயர் விண்டோஸ் மூவி மேக்கர், கல்லூரி நாளில் பார்த்தது. அதை மைக்ரோசாஃப்ட் 2017 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது. இப்போது அந்தப் பெயரைப் போட்டு இணையத்தில் தேடினால் ஏதேதோ தளங்கள் இறக்கிக்கொள்ளச் சொல்லும், தொடாதீர்கள். கல்யாண வீடியோ எடுக்கிற நண்பன் ஒருவன், "மாப்ள, எதுக்குச் சின்னதுல கத்துக்குற, பெருசாவே கத்துக்க" என்று காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒன்றின் திருட்டுப் பிரதியைப் பென்டிரைவில் கொடுத்தான். அதைப் போட்ட அன்று சாயங்காலமே பென்டிரைவில் இருந்த ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டாக மாறிக் கிடந்தது, மகனின் பள்ளி ஃபைல்களை மீட்கவே இரண்டு நாள் ஆயிற்று. டாவின்சி ரிசால்வ் இலவசம்தான், நல்ல சாமான்தான், ஆனால் அது எதிர்பார்க்கிற ரேம் 16 ஜிபி, என்னிடம் இருப்பது அதில் கால்வாசி. விண்டோஸ் 11 வைத்திருக்கிறவர்களுக்குக் கிளிப்சாம்ப் கூடவே வருகிறது, சின்ன வேலைக்கு அது போதும். கடைசியில் நான் நின்றது ஷாட்கட்டில். இலவசம், ஓப்பன் சோர்ஸ், வீடியோவின் மூலையில் தன் பெயரை ஒட்டாது. கேடென்லைவ் என்று இன்னொன்றும் இருக்கிறது, இரண்டுக்கும் உள்ளே ஓடுகிற எஞ்சின் ஒன்றுதான், எம்எல்டி என்பார்கள். எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் மாறாமல் இருப்பதுதான் முக்கியம். நான் முதல் பத்து நாளை எது நல்லது என்று பார்ப்பதிலேயே கரைத்தேன்.

முதல் அடி, போனைக் கேபிளில் மாட்டி, போனில் இருந்தபடியே கிளிப்புகளை இழுத்துப் போட்டு வெட்ட ஆரம்பித்ததில் விழுந்தது. அன்றைக்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வெட்டினேன். சேவ் பண்ணினேன். கேபிளைக் கழற்றிக்கொண்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து திறந்தால் ஃபைல்களைக் காணோம் என்று ஒரு பட்டியல் நிற்கிறது. எனக்கு அப்போதுதான் புரிந்தது, நாம் சேவ் பண்ணுகிற ப்ராஜெக்ட் ஃபைலுக்குள் வீடியோவே இல்லை. அது வெறும் கணக்கு நோட்டு மாதிரி: இந்த ஃபைலில் இத்தனையாவது வினாடியிலிருந்து இத்தனையாவது வினாடி வரை எடு, அதற்கப்புறம் அதை வை என்று எழுதி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். சரக்கு இருந்த இடத்தில் இல்லையென்றால் நோட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கணக்கு எழுதுகிற எனக்கே இது உறைக்கவில்லை பாருங்கள். அப்புறம் டி டிரைவில் 'அப்பா' என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் 'அசல்', 'ஒலி', 'வேலை' என்று மூன்று. போனில் எடுத்ததை எல்லாம் அன்றன்றைக்கே 'அசல்'-க்குள் காப்பி செய்துவிடுவேன். அதற்குள் இருக்கிற எதையும் பெயர் மாற்றுவதில்லை, நகர்த்துவதில்லை, அழிப்பதில்லை. ஒரே ஃபைல் 4 ஜிபிக்கு மேல் போனால் பழைய முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் ஏறாது என்பதையும் அந்த வாரமே கற்றுக்கொண்டேன். பென்டிரைவை எஃப்ஏடி32 என்பதிலிருந்து எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றி ஃபார்மேட் செய்தால் ஏறும், ஆனால் அதில் இருப்பதை முதலில் வேறு இடத்தில் வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

இரண்டாவது, திக்கல். படத்தை ஓடவிட்டால் கரைவலை இழுக்கிற ஆட்கள் ஒரு அடி எடுத்து வைப்பார்கள், நிற்பார்கள், மறுபடி ஒரு அடி. கம்ப்யூட்டர் மேல் பழி போட்டேன். விஷயம் போனில் இருந்தது. இப்போதைய போன்கள் பல எச்.265 என்ற முறையில் படத்தைச் சுருக்கி வைக்கின்றன, இடம் மிச்சம், ஆனால் அதை விரித்துக் காட்ட பழைய கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கும். போதாததற்கு நான் 4கே என்ற மிகப் பெரிய படஅளவில் வேறு எடுத்து வைத்திருந்தேன். கேமரா செட்டிங்கில் போய் அதைவிடச் சின்ன அளவான 1080பி, பழைய சுருக்கு முறையான எச்.264, வினாடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 படம், என்று மாற்றினேன். என் போனில் 4கே ஒரு நிமிடத்துக்கு 350 எம்பிக்கு மேல் தின்றது, 1080பியில் 130 சுமாருக்கு வந்துவிட்டது. ஏற்கெனவே எடுத்ததற்கு ஷாட்கட்டின் செட்டிங்ஸ் மெனுவில் பிராக்ஸி என்பதை ஆன் செய்தேன். அது ஒவ்வொரு கிளிப்புக்கும் ஒரு மங்கலான சின்ன நகல் எடுத்து வைத்துக்கொள்கிறது, நாம் வெட்டுவது அந்த நகலை வைத்து, கடைசியில் வெளியே எடுக்கும்போது அசலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. நகல் எடுக்க ஒரு ராத்திரி ஓடவிட்டுத் தூங்கினேன். காலையில் ஆட்கள் ஒழுங்காக நடந்தார்கள்.

வெட்டுகிற வேலை ஒன்றும் மலை இல்லை. படம் ஓடுகிற இடத்தைக் காட்டும் பிளேஹெட் கோடு நிற்கிற இடத்தில் எஸ் அழுத்தினால் துண்டாகும், வேண்டாத துண்டைத் தொட்டு எக்ஸ் அழுத்தினால் அது போய் பின்னால் இருப்பது தானாக முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும், தப்பாகிவிட்டால் கன்ட்ரோல் இசட். இடது வலது அம்புக்குறி ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தும். இந்த நாலு சாவியில் ஒரு மாதம் ஓட்டினேன். பொத்தானும் மெனுவும் ஆயிரம் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், மீன் கம்பெனியில் எல்லாத் தராசையுமா நாம் தொடுகிறோம்.

நான் உண்மையில் சொல்ல வந்தது ஒலியைப் பற்றி. பாம்பனில் மீனவர்களுக்கென்றே கடல் ஓசை 90.4 என்று ஒரு சமுதாய வானொலி இருக்கிறது. அதில் படமே கிடையாது, யாரும் குறை சொல்வதில்லை. படம் நன்றாக இருந்து ஒலி கெட்டுப்போன வீடியோவை மட்டும் அரை நிமிடத்துக்கு மேல் ஒருத்தரும் பார்ப்பதில்லை, பெற்ற தாய் உட்பட.

கரைவலை தெரியாதவர்களுக்கு: கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டு வள்ளத்தில் வலையை ஏற்றிக்கொண்டு போய் அரைவட்டமாக வளைத்துக் கடலில் இறக்கி, இன்னொரு முனையைத் தள்ளி வேறு இடத்தில் கரைக்குக் கொண்டுவருவார்கள். இரண்டு பக்கமும் ஆள் நின்று இழுக்க வேண்டும். கயிறு முழுக்க வந்து, கை வலை வந்து, கடைசியில்தான் மீன் சேர்ந்து கிடக்கிற மடி. இரண்டு மணி நேரம் போல ஆகும். இழுக்கிற களைப்பு தெரியாமல் இருக்க அம்பா பாடுவார்கள், ஒருத்தர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் ஏலேலோ போடுவது. எங்கள் அப்பா எடுத்துக்கொடுக்கிற ஆள். இப்போது எங்கள் பக்கத்தில் பாதி நாள் யாரும் பாடுவதில்லை, ஒருத்தர் போனில் சினிமாப் பாட்டைப் போட்டு ஓலைக் கொட்டானில் வைத்துவிடுகிறார். அப்பா இருக்கிற அணியில் மட்டும் அவர் தொண்டை எழும்பும். தம்பி கேட்டதும் அதைத்தான், வாயால் சொல்லவில்லையே தவிர.

நான் எடுத்த முதல் மூன்று நாள் கிளிப்புகளில் அப்பாவின் வாய் அசைகிறது. கேட்பதோ புர்ர்ர்ர் என்று காற்று. போனின் மைக் துளைக்குள் நேராகக் காற்று அடித்தால் அப்படித்தான். ஹை பாஸ் என்று ஒரு ஃபில்டர் இருக்கிறது, தாழ்ந்த ஒலியை மட்டும் அறுத்துவிடும், காற்றின் உறுமல் பெரும்பாலும் அந்தத் தாழ்ந்த பக்கம்தான் இருக்கும். அதை 120 ஹெர்ட்ஸ் சுமாரில் வைத்ததும் உறுமல் நிறையக் குறைந்தது. ஆனால் மீட்டர் சிவப்பைத் தொட்டு ஒலி அறுபட்டுப்போன இடங்களில் எந்த ஃபில்டரும் உதவவில்லை. அங்கே அப்பாவின் குரல் பதிவாகவே இல்லையே, இல்லாததை எதைப் போட்டு எடுப்பது?

அதனால் நாலாவது நாள் வீட்டில் கிடந்த பழைய போன் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். அதில் வாய்ஸ் ரெக்கார்டரை ஓடவிட்டு, அம்மாவின் பனையோலைக் கொட்டானுக்குள் வைத்து, மேலே ஒரு மெல்லிய துண்டைப் போட்டு, வள்ளத்தின் மறைவில் மணலில் வைத்தேன், கயிறு இழுக்கிறவர்களிடமிருந்து நாலைந்து அடியில். ஓலைப் பின்னல் காற்றை உடைத்துவிடுகிறது, குரலை விடுகிறது. பத்து ரூபாய் செலவில்லை. வீட்டுக்கு வந்து ஹெட்போனில் கேட்டபோது அப்பா மூச்சு வாங்குவது கூடக் கேட்டது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் அவர் "ம்ஹ்" என்று ஒரு சத்தம் போடுகிறார், நாற்பது வருடம் கூடவே இருந்தும் நான் கவனித்ததில்லை.

தனி ஒலியும் தனிப் படமும் எடுத்தால் இரண்டையும் சேர்க்க வேண்டும். அதற்குப் பதிவு ஆரம்பித்ததும் கேமரா முன்னால் ஒரு முறை ஓங்கிக் கை தட்டுங்கள். கிளிப்புகளை வரிசையாக அடுக்குகிற டைம்லைனில் ஒலி அலையாகத் தெரியும், தட்டின இடத்தில் ஊசி மாதிரி ஒரு முனை எழும்பி நிற்கும், இரண்டு முனையையும் நேருக்கு நேர் வைத்தால் போதும். நானும் வைத்தேன். ஆரம்பத்தில் சரியாகத்தான் இருந்தது. பதினோரு நிமிடப் பதிவு, ஐந்தாவது நிமிடத்தில் சின்ன சந்தேகம், கடைசியில் அப்பா வாயை மூடிய பிறகு குரல் வருகிறது. இரண்டு ராத்திரி மண்டையை உடைத்துக்கொண்டேன். காரணம் இதுதான்: போன் வினாடிக்கு 30 ஃபிரேம் என்று சொல்லுமே தவிர, வெளிச்சத்துக்கும் அதன் வேலைப்பளுவுக்கும் ஏற்ப சில சமயம் கூட்டியும் குறைத்தும் எடுக்கும். பார்க்கும்போது தெரியாது, வெட்டும்போது வம்பு. ஷாட்கட் அந்த மாதிரி ஃபைலைத் திறக்கும்போதே 'எடிட் பண்ணத் தோதாக மாற்றிக்கொள்ளவா' என்கிற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஒரு பெட்டி காட்டும். நான் அதை ஒவ்வொரு முறையும் படிக்காமலே மூடிக்கொண்டிருந்தேன். ஆமாம் என்று கொடுத்தேன், ஃபைல் பெரிதானது, குரலும் வாயும் கடைசி வரை ஒன்றாக வந்தன.

இன்னொன்று, தற்செயலாகக் கண்டது. படமும் ஒலியும் ஒரே இடத்தில் வெட்டுப்பட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒலியைத் தனியே பிரித்து, அப்பாவின் குரலை முதலில் காலி கடல் மேல் மூன்று வினாடி ஓடவிட்டு, அப்புறம் அவர் முகத்துக்குப் போனேன். முகம் வருவதற்குள் யார் இது என்று கண் தேடுகிறது. வேறு எந்த வித்தையும் அந்த வீடியோவுக்கு இவ்வளவு செய்யவில்லை.

வித்தை காட்டாமல் இருந்தேன் என்று சொல்ல மாட்டேன். முதல் பதிப்பு 22 நிமிடம். ஒவ்வொரு கிளிப்புக்கும் நடுவில் புத்தகம் புரளுகிற மாதிரி, கதவு திறக்கிற மாதிரி, வட்டம் விரிகிற மாதிரி எல்லாம் போட்டிருந்தேன், அடியில் ஒரு பழைய சினிமாப் பாட்டு. அம்மாவை உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். நாலாவது நிமிடத்தில், "ஏப்பா, எல்லாம் சுத்திக்கிட்டே இருக்கே, மனுசன் மூஞ்சியப் பாக்க விட மாட்டியா" என்றார். எட்டாவது நிமிடத்தில் அடுப்படிக்குப் போய்விட்டார். சினிமாப் பாட்டுக்கு உரிமைக்காரர்கள் இருக்கிறார்கள், யூடியூபில் ஏற்றினால் அதன் தானியங்கிச் சோதனை கண்டுபிடித்துவிடும். பின்னணி இசை வேண்டியவர்களுக்கு யூடியூபின் ஆடியோ லைப்ரரியில் இலவசமாகவே கிடைக்கிறது. எனக்கு அதுவும் வேண்டியிருக்கவில்லை, அம்பா இருக்கும்போது இன்னொரு பாட்டு எதற்கு.

அப்புறம் ஒரு நோட்டை எடுத்து 47 கிளிப்பையும் வரிசையாக எழுதினேன். எதில் என்ன இருக்கிறது, எத்தனையாவது வினாடி நன்றாக இருக்கிறது, ஒலி உண்டா இல்லையா. ஐஸ் கட்டி போன கணக்கு எழுதுகிற அதே கை. எழுதி முடித்ததும் தெரிந்தது, உபயோகமானது 19தான். மீதியெல்லாம் என் விரல், என் கால், தூரத்தில் எறும்பு மாதிரி ஆட்கள். ஏழு நிமிடத்துக்குள் கொண்டுவந்தேன்.

இந்தப் பதிப்பை அப்பாவுக்குக் காட்டினேன். மோடாவில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அசையாமல் பார்த்தார். இரண்டாவது நிமிடத்தில் கையைத் தூக்கினார், நிறுத்து என்கிற மாதிரி.

"இது வடகடல்."

எனக்குப் புரியவில்லை. "எதுப்பா?"

"முன்னாடி இழுத்துக்கிட்டிருந்தது தென்கடல்ல. கயித்த நாலு எட்டு இழுக்குறதுக்குள்ள வடகடல் வந்துருச்சு. தண்ணியப் பாரு, தகடு மாதிரி கெடக்கு. தென்கடல் அலை இப்படியா இருக்கும்?"

மார்ச்சிலும் ஏப்ரலிலும் நான் தெற்குப் பக்கம் எடுத்திருந்தேன். தென்மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று பிடிக்க ஆரம்பித்ததும் வலையை வடக்குப் பக்கம் மாற்றிவிட்டார்கள், மே மாதம் எடுத்ததெல்லாம் அங்கே. வெளிச்சம் நன்றாக இருந்த ஒரு துண்டை அங்கிருந்து எடுத்து நடுவில் சொருகியிருந்தேன். என் கண்ணுக்கு இரண்டும் கடல். இன்னும் ஒன்று சொன்னார்: "மடி கரைக்கே வரல, அதுக்குள்ள காரலையும் சூடையையும் அள்ளிக் காட்டுற. மீன் இல்லாமலும் போயிருக்கலாம்ல? அத நாங்க இழுக்குறப்ப தெரிஞ்சா இழுக்குறோம்?" பாருங்கள், அலங்காரத்துக்காக மீன் துண்டை முன்னால் வைத்திருந்தேன். அது அந்த இரண்டு மணி நேர இழுப்பையே பொய்யாக்கிவிட்டது. தெரியாமல் இழுப்பதுதான் அந்தத் தொழில், பார்க்கிறவருக்கும் கடைசி வரை தெரியக்கூடாது. மீனைக் கடைசிக்குக் கொண்டுபோனேன். வடகடல் துண்டுகளைத் தூக்கிவிட்டு, அங்கே எடுத்ததில் அப்பா கரையில் கிழிந்த வலையைப் பொத்துகிற ஒன்றை மட்டும் முடிவில் தனியே வைத்தேன். நீங்கள் தொழில் சம்பந்தமாக எதை வெட்டினாலும், அது பனையேற்றமோ கருப்பட்டி காய்ச்சுவதோ பாசி எடுப்பதோ, அந்தத் தொழில் செய்கிறவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு தடவை ஓட்டுங்கள். வேறு யாருக்கும் தெரியாத ஒட்டு அவர்கள் கண்ணில் பட்டுவிடும்.

தமிழில் தலைப்பு போடுவதில் ஒரு சங்கடம். ஐஸ் கம்பெனிக் கம்ப்யூட்டரில் பாமினியில் அடித்துப் பழகியவன் நான். அங்கே அடித்துக் கொண்டுவந்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கமாவுமாகக் கொட்டியது, ஏனென்றால் பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்திருக்கிற பழைய எழுத்துரு, அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் சாயம் வெளுத்துவிடும். யூனிகோடில் அடித்து நோட்டோ சான்ஸ் தமிழ் வைத்தேன், கொம்பும் சுழியும் அதனதன் இடத்தில் வந்தன. வெள்ளை மணல் மேல் வெள்ளை எழுத்தைப் போட்டு அதைக் காணாமல் தேடியதும் நடந்தது. எழுத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு கொடுங்கள், போதும்.

வெளியே எடுக்கும்போது ஏற்கெனவே இருக்கிற இயல்பான எச்.264 எம்பி4 அமைப்பையே விட்டுவிட்டேன். அதற்கு முன் அம்மாவுக்குக் காட்டிய பதிப்பில் தரத்தைக் கூட்டுகிறேன் என்று எண்களை நோண்டி 5 ஜிபியில் ஒரு பூதத்தை உண்டாக்கியிருந்தேன், அது என் டிவியிலேயே ஓடவில்லை. போனில் எடுத்த 1080பி படத்தில் இல்லாத தரம் வெட்டினால் வந்துவிடாது. யூடியூபே 1080பி 30 ஃபிரேம் படத்துக்கு வினாடிக்கு 8 மெகாபிட்தான் சிபாரிசு செய்கிறது. ஏழு நிமிடத்தை வெளியே எடுக்க என் மெஷினுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. நடுவில் கரண்ட் போய், மறுபடி முதலிலிருந்து. எங்கள் தீவில் காற்றடிக்கிற மாதங்களில் இதைத் தவிர்க்க முடியாது, பழைய பேட்டரியானாலும் ஒரு யுபிஎஸ் இல்லாமல் உட்காராதீர்கள்.

அனுப்பும்போது கவனம். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது தன் பங்குக்குச் சுருக்கிவிடும், மடியில் துள்ளுகிற மீனெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். அட்டாச் பண்ணும்போது டாக்குமென்ட் என்பதைத் தேர்ந்து அனுப்பினால் அப்படியே போகும், 2 ஜிபி வரை விடுகிறது. ஜூன் 10 ராத்திரி அனுப்பினேன். இரண்டு நாளாகப் பதில் இல்லை, இரண்டு நீலக் கோடு மட்டும்.

மூன்றாம் நாள் வாய்ஸ் மெசேஜ் வந்தது. "அண்ணே, நல்லா இருக்குண்ணே. அந்தப் பாட்ட மட்டும் தனியா அனுப்பு, ரூம்ல படுக்கும்போது கேட்டுக்கிறேன்."

ஏற்றுமதிப் பட்டியலில் ஆடியோ மட்டும் எடுக்கிற வழியும் இருக்கிறது, எம்பி3 என்று தேர்ந்தால் ஒரு நிமிடத்துக்குள் வேலை முடிந்தது. காற்றை அறுத்து, அளவை ஒரே சீராக்கி, சுத்தமான அப்பாவின் குரல். அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஒன்று வந்தது.

"இதுல காத்தே இல்லையேண்ணே. அங்க காத்து இல்லாம எப்படி? காத்தோட இருக்கிறத அனுப்பு."

ஹை பாஸுக்கு நான் செலவழித்த ராத்திரிகளை அவனிடம் சொல்லவில்லை. 'அசல்' ஃபோல்டரைத் திறந்தேன். முதல் நாள், மார்ச் 29, விடியற்காலம் எடுத்தது, புர்ர்ர்ர் என்கிற அது, அங்கேயே இருந்தது. அதையே அனுப்பினேன்.